ரெண்டு மூட்டை குறையுது!

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மே மாத மாலையில், தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் நடந்தது இது. மொத்தம் பதினொரு நிமிடம்தான். அதற்குள் என் மருமகனின் நாலு வருட உழைப்பை நான் ஒருவனே கெடுத்தேன்.

முதலில் என் எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் கல்லூரி ஆசிரியை. மாப்பிள்ளை சினிமா இயக்குநர். என்ன படம் எடுத்திருக்கிறார் என்று யாராவது கேட்டால் பேச்சை மழைக்கு மாற்றிவிடுவேன். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் இரண்டு குறும்படம், முடியாத முழுப்படம் ஒன்று. தயாரிப்பாளர் கிடையாது. நண்பர்கள் நாலு பேர் அவரவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வருவார்கள். ஆறு நாள் எடுப்பார்கள். பிறகு ஐந்து மாதம் பேச்சு மூச்சு இருக்காது. எங்கள் வீட்டுக் கூடத்தில் கேபிள் மட்டும் ஏழு சுருள் கிடக்கும். மூன்று தடவை தடுக்கி விழுந்திருக்கிறேன்.

பொறுமை தீர்ந்து மகள் கெடு வைத்தாள். ஜூன் மாதத்துக்குள் படம் முடியாவிட்டால், சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனி தருவதாகச் சொன்ன வேலையில் அவர் சேர்ந்துவிட வேண்டும். அவரும் ஒப்புக்கொண்டார். பாக்கி இருந்தது ஒரே காட்சி.

படம் முழுக்க ஒரு பெண் தன் அப்பாவைத் தேடிக்கொண்டு போவாள். அந்த அப்பா கடைசியில் மட்டும்தான் வருவார். தோணியில் ஏறும் மூட்டைகளை எண்ணி எழுதும் குமாஸ்தா அவர். கடைசி மூட்டை ஏறியதும் நோட்டை மூடிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து போவார். அவ்வளவுதான். நடிக்க வேண்டிய மதுரைக்காரர் அன்று காலையில் காய்ச்சல் என்று போன் செய்தார்.

மாப்பிள்ளை என் முன்னால் வந்து நின்றார். நான் துறைமுகத்தில் முப்பத்துநாலு வருடம் அதே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

"மாமா, நீங்க வந்து நின்னா போதும்."

"வேற ஆளே கிடைக்கலையா மாப்ள?"

"கிடைச்சா உங்ககிட்ட வருவேனா மாமா?"

எனக்குக் கிடைத்த மரியாதை அது.

அந்தப் பருவத்தின் கடைசித் தோணி அது. மாலத்தீவுக்கு வெங்காயம் போகிறது. அதற்குப் பிறகு காற்று மாறிக் கடல் கெடும். செப்டம்பர் வரை எந்தத் தோணியும் சரக்கு ஏற்றாது. சரக்கும் நிஜம், தூக்குகிறவர்களும் நிஜம். எங்களுக்காக ஒரு மூட்டையைக்கூட யாரும் திரும்ப இறக்கமாட்டார்கள். வெயில் சாயும் நேரத்தில் கடைசி நாற்பது மூட்டை ஏறுவதை நடுவில் நிறுத்தாமல் ஒரே ஓட்டத்தில் எடுக்க வேண்டும். நிஜக் கணக்கைச் சரக்கு ஏஜென்டின் குமாஸ்தா காமிராவுக்குப் பின்னால் நின்று எழுதிக்கொண்டார்.

"எண்ண வேண்டாம் மாமா, எண்ணுத மாதிரி நின்னா போதும். காமிராவை மட்டும் பாத்துராதீங்க." மாப்பிள்ளை மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் தலையாட்டினேன்.

எண்ணாமல் எப்படி நிற்பது? நாலு மூட்டைக்கு நாலு கோடு, ஐந்தாவதற்குக் குறுக்கே ஒரு கோடு. கை தானாகப் போட்டது. கடைசி ஆள் பலகையில் ஏறிப் போனார். நோட்டைப் பார்த்தேன். ஏழு கட்டு, மூன்று கோடு. முப்பத்தெட்டு. நான் நோட்டை மூடவில்லை.

"நிறுத்துங்கலே! ரெண்டு மூட்டை குறையுது!"

ஒரு காலத்தில் அந்தக் குரலுக்குக் கிரேனே நிற்கும். காமிராவும் நின்றது.

தோணியின் தலைவரான தண்டல் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, நீங்க ரிட்டயர் ஆனதை உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

"நாப்பது சரியா இருக்கு அண்ணாச்சி" என்றார் ஏஜென்டின் குமாஸ்தா. நான் விடவில்லை. இறக்கி எண்ணுங்கள் என்று நின்றேன். அப்போது சுமை தூக்கிய ஒருவர், தலைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "ரெண்டு தடவை அந்தக் காமிராவைத் திரும்பிப் பாத்திய அண்ணாச்சி. ரெண்டு தடவையும் மூட்டையோட போனது நாந்தான்" என்றார்.

உண்மை. அதில் சிவப்பு விளக்கு எரிகிறதா, நான் படத்தில் விழுகிறேனா என்று பார்க்க எனக்கு ஓர் ஆசை.

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லித் தப்பித்திருப்பேன். அவர் பாட்டுக்குக் கேபிளைச் சுருட்டினார். ஏழு சுருள். வெயில் போய்விட்டது. தோணி கிளம்பத் தயாரானது.

வீட்டில் மகள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அவரா தோத்திருந்தா தாங்கியிருப்பேன்ப்பா. நீங்க தோக்கடிச்சிட்டீங்க."

ஜூனில் அவர் சென்னைக்குப் போய்ச் சோப்பு விளம்பரம் எடுக்கத் தொடங்கினார். வாரம் ஒரு தடவை போன் செய்து சாப்பிட்டீங்களா மாமா என்று கேட்பார். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். கூடத்தில் கேபிள் இல்லை. தடுக்க ஒன்றுமில்லை. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

செப்டம்பரில் முதல் தோணி சரக்கு ஏற்றப்போகிறது என்று தெரிந்ததும், நானே பழைய துறைமுகத்துக்குப் போய் அதே தண்டலிடம் கேட்டேன். "இந்தத் தடவையும் குறையுமா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டுத்தான் சம்மதித்தார். மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன்.

"லீவு போட்டு வாங்க மாப்ள. மதுரைக்காரரையும் கூப்பிட்டுக்கோங்க."

தோணி என்றைக்கு என்று கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார். "மதுரைக்காரர் வேண்டாம் மாமா. அன்னைக்கு நீங்க கத்துற வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. நீங்களே நில்லுங்க. ஆனா ஒண்ணு, மூட்டையைப் பாக்காதீங்க. தூக்கிட்டு வாரவங்க முகத்தைப் பாருங்க."

பார்த்தேன். முப்பத்துநாலு வருடம் மூட்டைக்கு அடியில் இருந்த முகங்கள் அவை. ஒருவருக்கு இடது புருவம் பாதியில் அறுந்திருந்தது. ஒருவர் உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். மே மாதம் என்னைக் காட்டிக்கொடுத்தவர் போகிற போக்கில் கண்ணைச் சிமிட்டினார். கை தன்பாட்டுக்குக் கிறுக்கியது. கடைசி ஆள் ஏறியதும் நோட்டை மூடிவிட்டு நடந்தேன். திரும்பவில்லை.

படம் முடிந்தது. இங்கே ஒரு பள்ளி அரங்கில் போட்டார்கள். என்னையும் சேர்த்து அறுபத்துமூன்று பேர் பார்த்தோம். மாப்பிள்ளை இன்னும் சோப்பு விளம்பரம்தான் எடுக்கிறார். இடையில் அடுத்த படம் ஆரம்பித்துவிட்டதால் கேபிள் திரும்பக் கூடத்துக்கு வந்துவிட்டது. போன வாரம் நாலாவது தடவையாகத் தடுக்கினேன்.

செப்டம்பரில் அந்தத் தோணியில் எத்தனை மூட்டை ஏறியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்காக நான் வருத்தப்படாத ஒரே கணக்கு அதுதான்.