எல்லாவற்றையும் துடைத்த துணி

லேப் முடிவு வந்த அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். காலில் கட்டோடு என் வீட்டுக்காரர், அடுத்த கட்டிலில் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் பெரியவர், அவருக்குத் துணையிருந்த மகள், கிருமி பரவாமல் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர், நான்.

வீட்டுக்காரருக்குக் கடலில் திருக்கை மீனின் முள் குத்திச் சீழ் பிடித்து, கீறித் தைத்திருந்தார்கள். மறுபடி சீழ் வைத்தால் பாதத்துக்கே ஆபத்து என்றார் டாக்டர். அது போதாதா எனக்கு? ஆறாவதோடு நின்றவள், சுவரில் ஒட்டியிருந்த கிருமிப் படத்தை எழுத்துக்கூட்டி முழுக்கப் படித்தேன். அன்றிலிருந்து கட்டில் கம்பி, சுவிட்சு, தண்ணீர் பாட்டில், பெரியவரின் செல்போன் என்று ஒன்றையும் விடாமல் ஈரத்துணியால் துடைத்தபடி இருந்தேன்.

"என்னையும் ஒரு தடவ தொடச்சிட்டுப் போ புள்ள" என்பார் வீட்டுக்காரர்.

முடிவு வருவதற்கு மூன்று நாள் முன்பு சிஸ்டர் பஞ்சுக்குச்சிகளோடு வந்து கம்பி, சுவிட்சு, போன் எல்லாவற்றையும் தடவி எடுத்தார். கிருமி இருக்கிறதா என்று லேபில் பார்ப்பார்களாம்.

"எங்க பக்கம் ஒண்ணும் இருக்காதுங்க" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் என் தோளில் கிடந்த துணியையும் ஒரு தடவு தடவிக்கொண்டு போனார்.

அன்று வந்து முடிவைப் படித்தார். கழிவறைக் கதவின் பிடியைவிட என் துணியில்தான் கிருமி அதிகம். அடுத்தது பெரியவரின் போன்.

"ஒரே துணியால எல்லாத்தையும் தொடச்சா, அங்க உள்ளத எடுத்தாந்து இங்க வக்கிறதுதாம்மா" என்றார் சிஸ்டர்.

மகள் சத்தமில்லாமல் போனைக் கட்டிலிலிருந்து எடுத்துத் தள்ளி வைத்தார். பெரியவர் சிரித்தார்.

"பாரிசுல இருக்குற பேரனுக்கு தெனமும் இதுலதாம்மா முத்தம் குடுக்குறேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. துணி பிடித்த கையால்தானே வீட்டுக்காரரின் காலைத் தூக்கித் தலையணையில் வைத்தேன். சிஸ்டர் கையுறை மாட்டிக் கட்டைப் பிரித்தபோது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பாருங்கம்மா."

"நீங்களே சொல்லுங்க."

"நல்லா காஞ்சிருக்கு. நாளைக்குத் தையல் பிரிச்சிடலாம்."

"அவ துணியெல்லாம் என் காலுக்குப் பழக்கம் சிஸ்டர். இருவது வருசம் ஆச்சுல்ல" என்றார் வீட்டுக்காரர்.

அதன்பிறகு துணியைத் தொடவில்லை. கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவினேன். ஆனால் ஜன்னலைப் பார்த்து நின்ற அந்த இரண்டு நிமிடத்தில், மாரியம்மனிடம் நூற்றொரு ரூபாயில் ஆரம்பித்து ஆயிரத்தொன்று வரை போய்விட்டிருந்தேன். வீட்டுக்காரரே நடந்து வந்து உண்டியலில் போடுவதாக வேண்டுதல். கால் ஆறி, நேற்றுதான் முதல்முறையாகப் படகேறினார். மீன் விற்ற காசு டீசலுக்கே சரியாகப் போயிற்று. ஆத்தாளுக்கு இன்னும் ஆயிரத்தொரு ரூபாய் பாக்கி.