லெடு

போன வாரம் உக்கடத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது எதிர்க் கடையில் ஒரு அட்டை தொங்கியது. ‘இங்கு Led பல்பு கிடைக்கும்.’ முதல் எழுத்து மட்டும் பெரிசு. எழுதியவரைத் தெரியாது, அந்தத் தப்பை மட்டும் நன்றாகத் தெரியும். அதனால் ஒருமுறை என் வேலையே போகப் பார்த்தது.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். (எல்லாரிடமும் சொல்வேன், உங்களிடமும் சொல்லியாயிற்று.) கல்லூரி முடித்ததும் ஒரு பம்ப் கம்பெனியில், ஆங்கிலக் கையேடு எழுதும் வேலை. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம். மேலதிகாரி நிர்மலா மேடம் முதல் நாளே விதியைச் சொன்னார்: சுருக்கப் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னால் எல்லாம் பெரிய எழுத்து, ஒரே வார்த்தையாகச் சொன்னால் முதல் எழுத்து மட்டும். தமிழில் இந்தத் தொல்லை இல்லை. நம் எழுத்தெல்லாம் ஒரே உயரம்.

அப்பாவுக்குத் தொண்டாமுத்தூரில் தோட்ட வேலை. மோட்டார்ப் பெட்டியில் கரண்ட் வந்தால் சின்னதாய் ஒரு சிவப்பு விளக்கு எரியும். “லெடு எரியுதா பாரு கண்ணு” என்பார். ஈர மண்வாசத்தோடு சேர்ந்து காதில் விழுந்த வார்த்தை அது.

மூன்றாம் மாதக் கடைசியில் மேடம் கூப்பிட்டார். கையில் என் கையேடு.

“ஏனுங் அம்மணி, பக்கத்துக்குப் பக்கம் வாராரே, இந்த லெடு யாருங்க?”

“பெட்டியில எரியற லைட்டுங்க மேடம்.”

“அது எல், இ, டி.”

“எங்க தோட்டத்துல ஒரே வார்த்தைங்க. நீங்க சொன்ன விதிப்படி முதல் எழுத்து மட்டுந்தானுங்களே பெரிசு?”

மேடம் கையேட்டை என்னிடமே நீட்டினார்.

“விதி சரிதானுங்க. காதுதான் தோட்டத்துக் காது. எல்லாத்தையும் மாத்திப்போட்டு வாங்க, நிரந்தரத்துக்குக் கையெழுத்துப் போடறேன்.”

மாற்றினேன். வேலை நிலைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில், லெடு எரியுதா என்று அப்பா வழக்கம்போலக் கேட்டார். மேடத்தின் குரலிலேயே, “அது எல், இ, டி, அப்பா” என்றேன்.

“அப்படீங்களா” என்றார் அப்பா, ஆபீசரிடம் சொல்வதுபோல.

இப்போது வேறு பெட்டி, வேறு மோட்டார். சிவப்பு விளக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. நான் பக்கத்தில் இருந்தால் அப்பா எல்.இ.டி. என்றும் சொல்வதில்லை, லெடு என்றும் சொல்வதில்லை. “அது எரியுதா பாரு” என்கிறார்.