உப்பில்லாத சோறு

வெள்ளைக்காரத் துரை இன்னும் பங்களாவில் இருந்த காலம். ராகலைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் அப்பா தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டினார். ஒரு மழைக்காலத்தில் அவருக்குக் கால் வீங்கியது. மலையேறினால் மூச்சு வாங்கியது. தோட்டத்து மருந்துச்சாலையில், தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் தருகிற அதே சிவப்புத் தண்ணீரைத் தந்தார்கள். அது கேட்கவில்லை. தேயிலை லொறியில் ஏற்றி நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அங்கே கத்தி வைக்கும் டாக்டர் ஒருவர் இருந்தார். அவரைப் பற்றி எங்கள் லயத்து வீடுகளெல்லாம் பயபக்தியோடு பேசும். அப்பாவுக்கு வாய்த்தவர் அவரல்ல. இவர் ஒல்லியான சிங்களவர். கத்தியும் கிடையாது, ஊசியும் குறைவு. தினமும் காலையில் வந்து அப்பாவின் நெஞ்சில் விரலால் தட்டுவார், கண் இமையை இழுத்துப் பார்ப்பார், கணுக்காலை அழுத்திப் பள்ளம் விழுகிறதா என்று பார்ப்பார், ஏதேதோ கேட்பார்.

"இவரு கேள்வி கேக்குறதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தோம்?" என்று அம்மா முணுமுணுத்தாள்.

போதாக்குறைக்கு, அப்பாவின் சாப்பாட்டில் உப்பே கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். அம்மாவின் முகம் செத்துப்போனது. எங்கள் வீட்டில் உப்பில்லாமல் சோறாக்குவது செத்தவர்களுக்குப் படைக்க மட்டும்தான். உயிரோடிருக்கும் புருஷன் முன்னால் அந்தச் சோற்றைப் பார்க்க அவளால் முடியவில்லை. பகலில், சின்னப் பிள்ளையான என்னையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போகும்போதெல்லாம் முந்தானை முடிச்சில் உப்பு கொண்டுபோய், யாருக்கும் தெரியாமல் பிசைந்து ஊட்டினாள். அவரைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தாள்.

வீக்கம் வடியவில்லை. டாக்டர் மருந்தை மாற்றினார், மறுபடியும் மாற்றினார். அப்பாவால் படுக்கவே முடியவில்லை. உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்தார். ஒரு நாள், வழக்கத்துக்கு மாறாக, சாப்பாட்டு நேரத்தில் டாக்டரே வந்து நின்றார். அம்மாவின் கை முடிச்சில் இருந்தது.

அவர் சத்தம் போடவில்லை. "உப்பு போட்டா தண்ணி ஒடம்புல நிக்கும். நெஞ்சு தாங்க ஏலாது. செத்துப்போகும்" என்றார், தனக்குத் தெரிந்த தமிழில்.

அம்மா உடைந்துபோனாள். "போடாட்டித்தாங்க சாவு! உப்பில்லாத சோறு செத்தவங்களுக்குப் படைக்கிறதுங்க. அத எங் கையால எப்புடிங்க ஊட்டுவேன்?"

டாக்டர் கையைக் கழுவிவிட்டு வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அப்பாவின் தட்டிலிருந்து ஒரு பிடி வெறுஞ்சோற்றை எடுத்துச் சாப்பிட்டார். அம்மாவைப் பார்த்துக்கொண்டே இன்னொரு பிடியும் சாப்பிட்டார்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். முடிச்சை அவிழ்த்து உப்பை ஜன்னலுக்கு வெளியே கொட்டினாள். மிச்சச் சோற்றை அப்படியே அப்பாவுக்கு ஊட்டினாள். அந்த ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா நடந்துதான் வெளியே வந்தார்.

அன்றைக்கு நானும் அழுதேன். இவ்வளவு பெரிய டாக்டருக்கு வீட்டில் சோறாக்கிப் போட ஆளில்லை போலிருக்கிறது என்று நினைத்து அழுதேன்.