தேவிகாபுரத்தில் தகவல் சொன்னவர்

நம்பினால் நம்புங்கள், பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஆரணியில் பட்டுச்சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறேன். எங்கள் வம்ச வரலாற்றை எழுத உட்கார்ந்தபோதும் ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். பழைய சென்சஸ் புத்தகம் என்றால் எந்த வருடம், எந்தப் பக்கம் என்று குறித்துவிடலாம், ஆனால் அதில் ஊர்த்தொகைதான் இருக்கும், வீட்டு ஆட்களின் பெயர் இருக்காது. பெயருக்கு மனிதர்களைத்தான் கேட்க வேண்டும். அப்போதும் யார் சொன்னது, எங்கே, என்றைக்கு என்று எழுதிவிடுவேன்.

அப்பா பிறந்த தேவிகாபுரத்துக்கு நானும் மனைவி செல்வியும் போனோம். நல்ல பகல். பழைய வீடு இருந்த தெருவில் ஒரு கிழவி வாசலில் உட்கார்ந்திருந்தார். அப்பா பெயரைச் சொன்னதுமே, "அவனுக்கு மூத்தவ ஒருத்தி இருந்தா, தனம்னு. அவளையும் எழுதிக்கோ" என்றார். அப்பா ஒரே பிள்ளை என்றுதான் எனக்குத் தெரியும்.

"உங்க பேரு இன்னாங்கம்மா? யார் சொன்னாங்கன்னு எழுதணும்."

"தனம் சொன்னான்னே எழுதிக்கோ."

வயசாகிவிட்டது, ஏதோ பேசுகிறார் என்று அப்படியே எழுதிக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் செல்வி கேட்டாள். "ஏங்க, அந்தப் பொண்ணுக்குத் தலையெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்துச்சே, யாரும் தொடச்சி விடமாட்டாங்களா?"

"எந்தப் பொண்ணு?"

"நீங்க பேசிகினு இருந்தீங்களே, அந்தச் சின்னப் பொண்ணுதான். அதைப் போயி அம்மான்னு கூப்புட்டீங்க, வெளையாடறீங்கன்னு நெனச்சேன்."

சத்தியமாக நான் பார்த்தது நரைத்த தலை. அங்கே வேறு யாருமே இல்லை.

வீட்டில் அப்பாவிடம் அந்தப் பெயரைச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"அக்காடா. என்னைத் தூக்கிகினு கொளத்துக்குப் போனா. படியில உக்கார வெச்சிட்டு எறங்கினா, மேல வரவே இல்ல. அப்புறம் எங்கம்மா அந்தப் பேர வீட்ல சொல்லவே வுடல." எண்பதைத் தாண்டிய மனிதர், தேம்பித் தேம்பி அழுதார்.

மறுபடி அந்தத் தெருவுக்குப் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அப்பாவோ இப்போது தினமும் தேவிகாபுரம் கூட்டிப் போகச் சொல்கிறார், நானும் ஏதேதோ சாக்குச் சொல்லித் தள்ளிப்போடுகிறேன். அன்று நாங்கள் கிளம்பும்போது அந்த அம்மா கேட்டதை நானும் செல்வியும் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

"தம்பி இன்னும் அங்கியேதான் கீறானா? எப்ப இட்டுகினு வர?"