பென்சிலில் எழுதிய பாவம்

என் தங்கச்சி திரும்பி வந்த அன்றைக்கு ஆமத்தூரில் அம்மா நாட்டுக்கோழி அடித்தாள். கிறிஸ்துமஸுக்குக்கூடக் கடையில் கறி எடுக்கிற வீடு அது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் ஒரு பையனைக் கட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போனவள், அவன் கைவிட்டதும் ஒற்றைப் பையோடு வந்து நிற்கிறாள். அவள் தட்டில் ஈரல். அந்த இரண்டு வருஷமும் வாரம் தவறாமல் பஸ் ஏறிப்போய் அம்மாவுக்குச் சுகர் மாத்திரை வாங்கிக் கொடுத்த மகராசி நான். என் தட்டில் கழுத்துத் துண்டு. மறைப்பானேன், வயிறு பற்றி எரிந்தது.

இதில் நான் நியாயம் பேசவும் முடியாது. போன புதிதில் அவள் என் போனுக்கு மூன்று தடவை கூப்பிட்டாள். அம்மாவிடம் அப்போது போன் கிடையாது. "அம்மாகிட்ட ஒரே ஒரு தடவ குடுக்கா" என்று கெஞ்சினாள். மூன்றாவது தடவை அம்மா என் வீட்டு அடுப்படியில்தான் நின்றுகொண்டிருந்தாள். "ஒன் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்னுட்டாக. இனிமே கூப்பிடாத" என்று வைத்துவிட்டேன். அம்மா அப்படிச் சொல்லவேயில்லை. ஜெபத்தில் அவள் பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் அழுவாள். என் பெயர் ஒரு நாளும் வராது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு எதற்கு ஜெபம் என்று நினைத்தாளோ என்னவோ.

நான் திருத்தங்கலில் டீச்சர். சபையில் சண்டே கிளாஸும் எடுக்கிறேன். ஆண்டவர் எப்படி மன்னிக்கிறார், எப்படி மறுபடி சேர்த்துக்கொள்கிறார் என்று அங்கேயும், ஞாயிறு சாயங்காலம் வீட்டு ஜெபத்திலும் பிள்ளைகளுக்குச் செய்துகாட்ட வேண்டும். மற்ற ஊர்களில் பாவத்தைச் சீட்டில் எழுதித் தீயில் போடச் சொல்வார்களாம். எங்கள் வீட்டில் அது நடக்கிற கதையா? வீட்டுக்காரர் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வெடிமருந்து ஒட்டின சட்டையைக் கழற்றி, வெளியிலேயே குளித்துவிட்டுத்தான் வாசல்படி ஏறுவார். பிறந்தநாளுக்கு மெழுகுவர்த்திகூட ஏற்ற விடமாட்டார். "பாவத்தக் கொளுத்துறேன்னு வீட்டக் கொளுத்திராத தாயி" என்பார்.

அதனால் எங்களுக்குத் தண்ணீர்தான். அச்சாபீசில் கலர் தப்பி வீணாய்ப்போன பட்டாசுப் பெட்டி லேபிளின் பின்பக்கம் மை பேனாவால் எழுதி, பிளாஸ்டிக் டப்பில் நிரப்பிய தண்ணீரில் போட வேண்டும். மை கரைந்து போகும். பிறகு அதே தாளைக் காயவைத்துப் புதிதாகப் படம் வரைய வேண்டும். மன்னித்து மறுபடி சேர்த்துக்கொள்வது என்றால் அதுதான் என்று சொல்லிவைத்திருந்தேன்.

அவள் திரும்பி வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு ஜெபத்துக்குத் தங்கச்சியும் வந்திருந்தாள். வந்ததிலிருந்து என் பிள்ளைகளுக்கு நான் ஒருத்தி இருப்பதே மறந்துபோயிற்று. எதற்கெடுத்தாலும் சித்தி. நான் சீப்பை எடுத்தாலே ஓடுகிற மகள், அவள் மடிக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்து இரட்டைச்சடை போட்டுக்கொண்டாள். அடேயப்பா, என்ன அடக்கம்! எனக்கு அந்தச் சடையைப் பிடித்து இழுக்க வேண்டும்போல இருந்தது.

ஜெபம் முடிந்து எல்லோரும் எழுதினோம். நான் 'கோபப்பட்டேன்' என்று எழுதினேன். எந்த ஞாயிறும் அதையேதான் எழுதுவேன். நாலு சீட்டும் தண்ணீருக்குள் போயின. மை நூல் நூலாகப் பிரிந்து தண்ணீர் நீலமானது. சின்னவன் கைதட்டினான். ஒரு சீட்டு மட்டும் எழுத்து கலையாமல் மிதந்தது. மகளுடைய சீட்டு. நாலாம் வகுப்புப் பிள்ளைக்குப் பழக்கம் பென்சில்தான். தம்பி பேனாவை விடவில்லை என்று அவள் பென்சிலில் எழுதியிருக்கிறாள். டீச்சராம் டீச்சர், நான் கவனிக்கவேயில்லை.

அதை எடுத்தது தங்கச்சி. அவள் தோளுக்கு மேலாக நானும் படித்தேன். 'சித்தி போன் பண்ணப்ப அம்மா பொய் சொன்னாங்க. நான் கேட்டேன். அம்மாச்சிகிட்ட சொல்லல. சாரி ஆண்டவரே.'

மகள் தண்ணீரையும் சித்தியையும் மாறி மாறிப் பார்த்தாள். "எல்லாருக்கும் போயிருச்சு. எனக்கு மட்டும் ஏன் போகல? ஆண்டவர் என்னைய மன்னிக்கலையா?" கேட்டுவிட்டு விம்மி விம்மி அழுதாள். ஓடிப்போய் விழுந்தது சித்தி மடியில். "பென்சில் அப்பிடித்தாண்டா கண்ணு, தண்ணில போகாது" என்று தங்கச்சி முதுகைத் தடவினாள். பிள்ளை நம்பவில்லை, இன்னும் கூடுதலாகத் தேம்பினாள்.

என்னைப் பேசவைத்தது பக்தி என்று நினைக்க வேண்டாம். அம்மாவைத்தான் எடுத்துக்கொண்டாள், என் பிள்ளையைத் தேற்றுகிற வேலையையும் இவளே செய்துவிடுவாளோ என்ற ஆங்காரம். வெடுக்கென்று பிள்ளையை என் பக்கம் திருப்பினேன். "அது ஒன் பாவம் இல்லடி. ஏம் பாவம். பொய் சொன்னது நானு. ஒனக்கு அதுல ஒரு பங்கும் இல்ல." மகளிடம் சொல்லியாயிற்று. தங்கச்சி முகத்தைப் பார்க்காமலே அடுத்ததையும் சொன்னேன். "அம்மா அப்பிடிச் சொல்லல. நாந்தான் சொன்னேன்."

"தெரியும்க்கா" என்றாள். "வந்த அன்னைக்கே அம்மாவும் நானும் பேசிக்கிட்டோம். ஒங்கிட்ட எதுவும் கேக்க வேண்டாம், அவளா வரட்டும்னாக."

அப்படியென்றால் அந்தக் கோழிக்கறிப் பந்தியில் இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தே எனக்கும் தட்டு வைத்து, "இன்னும் கொஞ்சம் வச்சுக்க" என்றும் சொல்லியிருக்கிறார்கள்! என்னை ஒரு வார்த்தை கேட்காமல் இவர்கள் பாட்டுக்கு எப்படி மன்னிக்கலாம் என்று ஆத்திரமாக வந்தது. அதிலும் அவளே முந்திக்கொண்டாள்.

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள். "அப்ப சித்தி, அம்மாவ மன்னிச்சிட்டீகளா?"

"அது எப்பவோ."

நாம் கேட்பதற்கு முன்பே மன்னித்துவிடுகிறவர் ஆண்டவர் என்று வாரா வாரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வாங்கிக்கொள்கிறவளுக்கு அது எம்புட்டு எரியும் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.