பதினோரு புள்ளி

இது நடந்தது. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. பேரம் பேச இடமில்லாத சங்கதி. நடுராத்திரிகூட இல்லை. சனிக்கிழமை, பட்டப்பகல் 2.40. சேலையூர் கேம்ப் ரோட்டில், ஜவுளிக்கடைக்கு மேலே ஒரு மாடி ஆபீஸ்.

மற்றவர்கள் அரை நாளோடு கிளம்பியிருந்தார்கள். நிஷா மட்டும் இருந்தாள், கொதித்துக்கொண்டு. தண்ணீர் லாரி முன்பதிவுக்கு மென்பொருள் செய்யும் கம்பெனி அது. பழைய டேட்டாபேஸ் கேளம்பாக்கத்தில் ஒரு சர்வரில் கிடந்தது. ஐந்து மணிக்குள் தன் கம்ப்யூட்டரிலிருந்து அதற்கு இணைப்புப் போட வேண்டும். போட்டால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் திங்கட்கிழமை வர வேண்டாம். மேனேஜர் மோகன்ராஜ் கத்திரிக்காய் விலை சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

டேட்டாபேஸோடு இணைக்கிற மென்பொருளான வொர்க்பெஞ்சைத் திறந்தாள். புதிய இணைப்பு. சர்வர் முகவரி சரி. போர்ட் எண் சரி. பயனர் பெயர், ஷ்யாம். வேலையை விட்டுப் போன ஷ்யாம்சுந்தர். அங்கே ஆளுக்கொரு லாகின் கிடையாது. ஒரே சீப்பில் குடும்பமே தலை வாருவதுபோல எல்லோரும் அவன் பெயரில்தான் நுழைந்திருக்கிறார்கள். இப்போது அவன் நாற்காலியும் நிஷாவின் தலையில் கட்டப்பட்டிருந்தது.

மோகன்ராஜ் சீட்டில் எழுதிக் கொடுத்த பாஸ்வேர்டை அடித்தாள். 'அனுமதி இல்லை.' ஆறு தடவை அடித்தாள். ஆறு தடவையும் அதே பதில்.

அவருக்குப் போன் போட்டு, புது லாகின் கேட்டாள். அதைக் கொடுக்கிற அதிகாரமும் ஷ்யாம் பெயரில்தான் இருக்கிறதாம்.

"அப்ப ஷ்யாமையே கூப்பிட்டுக் கேளுங்க சார்."

"நீ அங்கயே உக்காந்திரும்மா. எந்திரிக்காத. வந்துடும்."

வைத்துவிட்டார். போனை மேஜைமேல் எறிந்தாள்.

3.12. திரும்பிப் பார்த்தாள். காலியாக விட்ட பாஸ்வேர்ட் கட்டத்தில் மூன்று புள்ளிகள்.

கை பட்டிருக்கும்... அழித்தாள். கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

டக்.

ஒரு புள்ளி.

டக்... டக்.

சத்தம் கீபோர்டிலிருந்துதான் வந்தது. எந்தப் பட்டனும் அசையவில்லை.

மோகன்ராஜ் வீட்டிலிருந்தபடியே இந்தக் கம்ப்யூட்டரை ஆட்டி வைக்கிறார் என்று நினைத்தாள். ஆத்திரம் தலைக்கேறியது. மேஜைக்கடியில் குனிந்து நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினாள். இனி வெளியிலிருந்து எதுவும் உள்ளே வர முடியாது. இங்கிருந்து எதுவும் போகவும் முடியாது.

3.16.

டக்... டக்...

எட்டு. ஒன்பது.

காதோரம் யாரோ பல்லை நறநறவென்று கடித்தார்கள்.

பத்து...

பதினொன்று.

நின்றது.

'இணைப்பு வெற்றி.'

கேபிள் அவள் கையில் இருந்தது.

செருப்புகூட மாட்டாமல், போனை மட்டும் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். வாசலில் வாட்ச்மேன் அரிகிருஷ்ணன். ஷ்யாமின் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததாக அவள் சொன்னதும் அவர் முகம் மாறியது.

"ஷ்யாம் சார் எங்கம்மா வேலைய வுட்டாரு? ஜனவரில மேனேஜராண்ட சண்ட. பாஸ்வேர்ட மாத்திட்டேன், நான் சொன்னாத்தான் உண்டுன்னு கத்திகினு இருந்தாரு. அப்டியே நெஞ்சப் புடிச்சிகினு அந்த சேர்லயே பூட்டாரு."

அப்புறம் இரண்டு பெண்களை அங்கே உட்கார வைத்தாராம் மோகன்ராஜ். இரண்டு பேரும் ஒரே வாரத்தில் ஓடிப்போனார்களாம்.

நிஷாவுக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும். மோகன்ராஜைக் கூப்பிட்டாள்.

"சார்..." என்றாள். நடந்ததில் ஒரு வார்த்தைகூட இன்னும் சொல்லவில்லை.

மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுகிறவர்போல அவர் குரல் தணிந்தது.

"எத்தனை புள்ளிம்மா விழுந்துச்சு? போன பொண்ணுக்கு நாலோட நின்னுடுச்சு."

நிஷா மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தாள்.

"முழுசா வந்துடுச்சா? அப்ப உன் வேலை பர்மனென்ட்மா. சேர் மட்டும் மாத்திக் கேக்காத."