நாலு மணிப் பச்சை

விவேக் நகர் லாயிட்டுக்கு முப்பத்தெட்டு வயது. வைட்ஃபீல்டில் ஓர் அனிமேஷன் ஸ்டுடியோவில் ரெண்டர் பார்ப்பவன். அப்படியென்றால் என்ன என்று வீட்டில் கேட்டால், "படம் வேகற அடுப்பைப் பாத்துக்கறேன்" என்பான். உண்மையும் அதுதான். மூன்றாவது மாடியில் ஐம்பது பேர் பொம்மைகளுக்கு வெளிச்சமும் நிழலும் வைத்து அனுப்புவார்கள். அதையெல்லாம் முழுப் படமாக ஆக்கியெடுக்க ஒரு கம்ப்யூட்டர் போதாது. அதனால் எல்லாக் கம்ப்யூட்டர்களையும் நெட்வொர்க்கில் கோத்து, வேலையைப் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டும். தரைத்தளத்தில் ஜன்னலில்லாத குளிர் அறையில் உட்கார்ந்து லாயிட் செய்வது அதைத்தான்.

சின்ன ஸ்டுடியோ, எதையும் சும்மா விடமாட்டார்கள். யாராவது திரையைப் பூட்டிவிட்டு எழுந்தால் போதும், அந்தக் கம்ப்யூட்டரும் ரெண்டர் வேலைக்கு வந்துவிடும். லாயிட்டின் திரையில் அவர் பெயருக்கு எதிரே சிவப்பு போய்ப் பச்சை வரும். பச்சை என்றால் ஆள் எழுந்தாயிற்று.

ஐம்பது பெயர்களில் லாயிட் பார்த்தது ஒன்றைத்தான். சங்கமித்ரா, லைட்டிங் செய்யும் வேலூர்ப் பெண். மாலை நாலு மணி வாக்கில் அவள் பெயர் பச்சையாகும். உடனே இவனுக்கும் டீ குடித்தே ஆகவேண்டும். அவள் லிஃப்டில் இறங்கி வாசல் டீக்கடைக்கு வரும்போது, ஏதோ தற்செயலாக வந்தவன் போல அங்கே நிற்பான். நாலு வருஷம் இப்படி. பேசியதெல்லாம் டிராஃபிக், மழை, மெட்ரோ கூட்டம். அவளைப் பிடித்திருக்கிறது என்பது மட்டும் தொண்டை வரை வந்து, டீயோடு உள்ளே போய்விடும். வியாழக்கிழமை தவறாமல் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவன்தான். என்ன ஏற்றி என்ன, வாய் திறந்தால்தானே.

கனடாவில் வேலை கிடைத்துவிட்டது என்று அவள் சொன்ன அன்றும், "ரொம்ப சந்தோஷம்" என்றான். மடையன். வீடு வந்து அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

அவளுடைய கடைசி நாள் வந்தது. நாலு மணிக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, அயர்ன் பண்ணிய சட்டையோடு போனான். காலையிலேயே அவள் போன் செய்தாள்.

"லாயிட், கடைசி ஷாட் ஒண்ணு பாக்கி இருக்கு. இன்னிக்கு முழுக்க என் மெஷின்ல வேற வேலை எதுவும் போடாதீங்க."

"நீங்க நிம்மதியா முடிங்க. நான் பாத்துக்கறேன்."

அவள் கம்ப்யூட்டரை ரெண்டர் வரிசையிலிருந்து விலக்கி வைத்தான். அப்படி விலக்கினால் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாள் முழுக்கச் சிவப்புதான் காட்டும். எத்தனையோ பேருக்குச் செய்து கொடுத்த வேலை, அவனுக்குத் தெரியாததல்ல.

நாலு மணி, சிவப்பு. நாலரை, சிவப்பு. பாவம், ஷாட் முடியவில்லை போல என்று நினைத்துக்கொண்டான். மேலே போய்ப் பார்க்கலாமே என்றால், வேலை செய்கிறவளைத் தொந்தரவு செய்யக் கூடாதாம். ஐந்தேகாலுக்குத்தான் அவனுக்கு உறைத்தது. நாலு வருஷமாக அந்தச் சிவப்பை அவளாகவே பார்த்துப் பழகிய கண், காலையில் தன் கை செய்ததை மறந்துபோயிருந்தது.

படியேறி ஓடினான். அவள் மேசை துடைத்துக் கிடந்தது. போன் செய்தான்.

"கேப்ல இருக்கேன் லாயிட். நேரா வேலூர்தான், ஹொஸ்கோட்டை தாண்டியாச்சு," என்றாள். "நாலேமுக்கால் வரைக்கும் டீக்கடையில நின்னேன். நீங்க வரலையே."

"வேலை... கொஞ்சம் வேலை வந்துடுச்சு."

லாரிச் சத்தத்துக்கு நடுவே அவள் சொன்னாள்.

"நாலு வருஷத்துல நான் எழுந்து வந்து நீங்க வராத நாளே இல்ல. எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? இன்னிக்காவது ஏதாவது சொல்லுவீங்கன்னு இருந்தேன். வரலைன்னதும், சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல போலன்னு கிளம்பிட்டேன்."

இருந்தது. அவள் போகும் வழி முழுக்கச் சொன்னாலும் தீராத அளவுக்கு இருந்தது. லாயிட் அவளுடைய நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பாத்துப் போங்க," என்றான்.